உங்கள் துணிவு, எங்கள் வெற்றி

ஒரு அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகள், அவள் கையில் விரித்த புத்தகம். தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி விளையாடுகிறான். மகள் கேட்கிறாள்: "அப்பா, பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" அப்பா அவளைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே நம்மைப் பார்க்கிறார். வாயில் பதில் இல்லை.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் பிரிட்டனில் ஒட்டிய சுவரொட்டி இது. வரைந்தவர் சாவில் லம்லி. வெளியிட்டது நாடாளுமன்ற ஆள்சேர்ப்புக் குழு. அப்போது அங்கே கட்டாய ராணுவச் சேவை கிடையாது, ஆட்கள் தாமாக வந்து சேர வேண்டும். அவர்களை வரவழைக்க இந்தப் படம் ஒரு காரணமும் சொல்லவில்லை. வெட்கப்பட வைத்தது, அவ்வளவுதான்.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். படத்துக்குள் போர் முடிந்துவிட்டது. வீடு குலையாமல் இருக்கிறது. போனவரெல்லாம் திரும்பி வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள் என்று பார்ப்பவனே நினைத்துக்கொள்கிறான். அந்தப் போரில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 7 லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏறி உட்கார்ந்து கேட்க மடியே இல்லாமல் போனது. 'இந்தப் போர் எதற்கு?' என்று அரசைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இல்லை. அதை மறைக்க ஒரு சிறுமியின் வாயில் வேறு கேள்வியைத் திணித்தார்கள். இதை நான் ஒழுக்கக்கேடு என்றுதான் சொல்வேன். வெட்கமும் போதவில்லை. 1916 ஜனவரியில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்துவிட்டது.

1939-இல், இரண்டாம் உலகப் போருக்கு, அதே பிரிட்டன் இன்னொன்று ஒட்டியது. உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி வெற்றியைத் தேடித் தரும் என்றது. யாருக்கு? ஆங்கிலத்தில் அதற்கு 'us' என்ற ஒரே சொல். தமிழில் எழுதுகிறவர் அப்படித் தப்ப முடியாது. 'நமக்கு' என்றோ 'எங்களுக்கு' என்றோ ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அச்சடித்தவர்கள் 'நமக்கு' என்றே நினைத்திருக்கலாம். தெருவில் பலர் 'எங்களுக்கு' என்று படித்தார்கள்: துணிவு காட்ட நாம், வெற்றி பெற மேலே உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் படித்ததே சரி என்பது என் முடிவு.

முதல் போரில் எதிர்த்தரப்பும் இதையேதான் செய்தது. 1917-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் எர்லர் வரைந்த சிப்பாய் இரும்புத் தொப்பியோடு, கண்கள் ஒளிர, முள்வேலி நடுவே நிற்கிறான். 'நாங்கள் வெல்ல உதவுங்கள்' என்று கீழே எழுத்து. கேட்டது போர்க்கடனுக்குப் பணம். நம்பிக் கொடுத்தவர்களின் பத்திரங்கள் 1923 பணவீக்கத்தில் வெறும் காகிதமாயின.

ஹிட்லரை எதிர்த்தது நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். நியாயமான போருக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை எடுத்துச் சொன்னால் போதும். குழந்தையைக் காட்டி அப்பனை வெட்கப்படுத்தும் படம் நியாயமான போருக்கும் பொருந்தும், அநியாயமான போருக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற ஒன்று எதையும் நிரூபிக்காது.

அந்தச் சிறுமிக்கு ஒரு பதில் இருந்தது. போரை நிறுத்தப் பார்த்தேன் என்று தன் பிள்ளைக்குச் சொல்லுவேன் என்றாராம் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மைலி. கட்டாயச் சேவைச் சட்டம் வந்த பிறகு, மனசாட்சியைக் காரணம் காட்டி ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் சுமார் 16,000 பேர். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்.

இனி ஒரு போர்ச் சுவரொட்டி உங்கள் தெருவிலோ கைப்பேசியிலோ வந்தால், அதில் உள்ள 'நாம்' யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை போகிற இடத்துக்கு அதை எழுதியவரின் பிள்ளையும் போகிறதா என்று கேளுங்கள்.