வாடகை என்பது எதன் விலை?

தலைக்குமேல் ஒரு கூரை என்பது மனிதனின் முதன்மையான தேவைகளுள் ஒன்று. சொந்த வீட்டால் அத்தேவையை நிறைவு செய்துகொள்ள இயலாதோர் பிறர் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். நெல்லைச் சீமையில் வளவு என்றும், மதுரைப் பக்கம் காம்பவுண்டு என்றும், கொங்கு நாட்டில் லைன் வீடு என்றும், சென்னையில் ஸ்டோர் வீடு என்றும் வழங்கப்படும் குடியிருப்புகளில் நம் இறைமக்களுள் பலர் வாழ்கின்றனர். ஐந்தாறு குடும்பங்கள், நடுவே ஒரு முற்றம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், மூலையில் இரண்டு கழிப்பறைகள் என்பது அவற்றின் பொதுவான அமைப்பு.

இத்தகைய குடியிருப்புகள் இன்று முதலீட்டுப் பொருளாகவும் மாறியுள்ளன. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர், கடையை மகனிடம் ஒப்படைத்த வணிகர் எனப் பலரும் பழைய வளவு ஒன்றை விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, வாடகைக்கு விடுகின்றனர். முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் வாழலாம் என்பது அவர்களது எண்ணம். இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். பழைய வீட்டைப் புதுப்பித்து அதிக வாடகை பெறுபவர், அந்த அதிகத் தொகையை எதற்கு விலையாகப் பெறுகிறார்?

இக்கேள்விக்கு அடிப்படையான விடையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினா தந்துள்ளார். வட்டி வாங்குவது முறையா என்று ஆராயும் இடத்தில் அவர் ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறார். சில பொருள்களைப் பயன்படுத்துவது என்றாலே அவற்றைத் தீர்த்துவிடுவது என்று பொருள். கோதுமையை உண்டால் கோதுமை இல்லை. திராட்சை இரசத்தைப் பருகினால் இரசம் இல்லை. வீடு அத்தகையதன்று. அதில் ஒருவர் குடியிருப்பதால் வீடு தீர்ந்துபோவதில்லை. எனவே வீட்டின் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அதன் பயனை மட்டும் பிறருக்கு அளித்து, அப்பயனுக்கு விலை பெறுவது நீதியே என்பது அவரது முடிவு. பணத்தைக் கடன் கொடுத்து வட்டி பெறுவதைக் கடிந்த அதே மறைவல்லுநர், வீட்டு வாடகையை ஏற்றுக்கொண்டார்.

இம்முடிவு வீட்டுக்காரருக்கு ஆறுதல் தருவது. அவரைக் கடமைக்கு உட்படுத்துவதும் இதுவே. வாடகை பயனுக்கு விலை என்றால், பயன் குறையும்போது விலைக்கான நியாயமும் குறைகிறது. மழைக்காலத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு இரவெல்லாம் மூலையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம், அந்த மாதம் எதற்கு விலை கொடுக்கிறது? கூரையை ஒழுகாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் தம் தாராள மனத்தால் செய்யும் உதவியன்று. ஏற்கெனவே பெற்றுக்கொண்ட வாடகைக்கு அவர் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் அது.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் வீட்டுச் சுவரில் தோன்றும் பூஞ்சையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. வீட்டைப் பார்வையிடும் பொறுப்பு அங்கே குருவுக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவர் ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். கறை பரவியிருந்தால் கற்களைப் பெயர்த்து, காரையைச் சுரண்டி, புதிதாகப் பூசச் செய்ய வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. குரு உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவையும் தீட்டாகிவிடும். சுவரைக் காக்கும் சட்டம், அச்சுவருக்குள் வாழ்வோரின் பானை சட்டிகளையும் நினைவில் கொள்கிறது. உறுதியற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசி மறைப்போரை எசேக்கியேல் (13) கடிந்துரைப்பதும் நாம் அறிந்ததே. அவர் பொய் இறைவாக்கினரை மனத்தில் கொண்டு பேசினாலும், உவமை எடுக்கப்பட்ட இடம் கட்டடத் தொழில்தான். சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழைய சுவரின்மேல் சிமெண்டைப் பூசி வண்ணமடித்தால், ஈரம் உள்ளேயே தங்கிச் சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும் என்பதை எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

நாட்டுச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியன வீட்டுக்காரரின் பொறுப்பு என்றும், குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடைத் தூய்மை போன்றன குடியிருப்போரின் பொறுப்பு என்றும் அது பகுத்துரைக்கிறது. வீட்டை மேம்படுத்தச் செலவிட்டால், வேலை தொடங்குமுன் எழுத்து வழியே உடன்பட்ட அளவுக்கு வாடகையை உயர்த்தலாம்; கட்டாயப் பழுதுபார்ப்பு அந்தச் செலவில் சேராது.

இவ்வேறுபாட்டை ஒரு கணக்கால் விளக்குவோம். ஆறு வீடுகள் கொண்ட ஒரு வளவை ஒருவர் 40 இலட்சத்துக்கு வாங்குகிறார். வீட்டுக்கு 3,000 ரூபாய் வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரை, மின்கம்பி, செப்டிக் டேங்க் ஆகியவற்றைச் சீராக்க 4 இலட்சம்; தனித்தனிக் கழிப்பறையும் புதிய தளமும் அமைக்க 2 இலட்சம். ஆக முதலீடு 46 இலட்சம். இதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வீதம் வரவேண்டும் என அவர் கணக்கிட்டால், வீட்டுக்கு ஏறத்தாழ 4,470 ரூபாய் வாடகை கேட்பார். ஆனால் புதிதாகத் தரப்பட்ட வசதிக்கு மட்டும் விலை கணக்கிட்டுப் பார்ப்போம். 2 இலட்சத்துக்கு அதே 7 வீதம் 14,000. அச்செலவைப் பத்து ஆண்டுகளில் மீட்க ஆண்டுக்கு 20,000. இந்த 34,000 ரூபாயை ஆறு வீடுகளுக்கும் பன்னிரண்டு மாதங்களுக்கும் பகிர்ந்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 470 ரூபாய்தான் கூடுகிறது. எஞ்சிய ஆயிரம் ரூபாய் எதன் விலை?

முந்தைய உரிமையாளர் பல்லாண்டு செய்யாமல் விட்ட பழுதுபார்ப்பின் சுமை அதில் அடங்கியிருக்கிறது. அக்கணக்கு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே, வளவின் விலை பேசப்பட்ட நாளிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஒழுகிய கூரையின் கீழ் வாடகை தவறாமல் கொடுத்து வந்தவரின் தலையில் அதை இறக்கினால், அவர் ஒன்றுக்கே இருமுறை விலை கொடுத்தவராகிறார். பழுதை முன்னிட்டு வாடகை ஏற்கெனவே குறைக்கப்பட்டிருந்தால் இக்கணக்கு மாறும் என்பது உண்மை. சொத்து வரியும் விலைவாசியும் உயரும்போது வாடகை உயர்வதும் இயல்பே. இவற்றை மறைக்காமல் எடுத்துச் சொல்லி விளக்கக்கூடிய உயர்வே நேர்மையான உயர்வு.

“அவர்களே சம்மதித்துத்தானே கையெழுத்திட்டார்கள்?” என்று சிலர் கேட்பர். 1960ஆம் ஆண்டின் சட்டம் நியாய வாடகையை அரசு அதிகாரி வரையறுக்க வழி செய்திருந்தது. புதிய சட்டம் வாடகைத் தொகையை இருவரின் உடன்படிக்கைக்கே விட்டுவிட்டது. எனவே முன்பு அதிகாரியின் மேசைமேல் இருந்த சுமை இன்று நம் மனச்சான்றின்மேல் வந்துள்ளது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டின் தமது சுற்றுமடலில் கூலியைப் பற்றி உரைத்தது இங்கும் பொருந்தும். வேறு வழியின்றி, தேவையின் நெருக்கடியால் ஒருவர் கடுமையான நிபந்தனைக்கு இசைந்தால், அந்த இசைவு வன்முறைக்கு உட்பட்டதே என்பது அவரது போதனையின் சாரம். உடன்படிக்கைக்கு மேலாக இயற்கை நீதி என ஒன்று உண்டு. பள்ளி திறக்கும் மாதத்தில் வீடு தேடி அலையும் தாய் இடும் கையெழுத்தை முழுமையான விருப்பம் என்று எவ்வாறு சொல்வது?

வீட்டைப் புதுப்பிக்கும்போது எழும் கடினமான கேள்வி வேறொன்று: அங்கே குடியிருந்தோர் என்ன ஆனார்கள்? பழைய சட்டத்தின்படி, பழுதுபார்ப்புக்காகக் குடியிருப்போரை வெளியேற்றும் உரிமையாளர், வேலை முடிந்ததும் அவர்களுக்கே வீட்டை மீண்டும் அளிப்பதாக உறுதிகூற வேண்டியிருந்தது. அச்சட்டம் நீங்கினாலும் அதிலிருந்த நீதி நீங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வீடாக வேலையை முடித்து, குடும்பங்களை வளவுக்குள்ளேயே மாற்றி அமர்த்தும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். வேலை சில மாதங்கள் நீளும், செலவும் சற்றுக் கூடும். ஆனால் குழந்தைகளின் பள்ளி மாறுவதில்லை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் நடந்துபோகும் தொலைவு கூடுவதில்லை. அன்பியத்தில் சேர்ந்து செபித்த குடும்பங்கள் சிதறுவதில்லை. அரசன் யோயாக்கிம் அகன்ற மாளிகை கட்டி, கேதுரு பலகை பொருத்தி, சிவப்பு வண்ணம் தீட்டியபோது, எரேமியா (22) அவன் தந்தையை நினைவூட்டுகிறார். அத்தந்தையும் உண்டு குடித்து வாழ்ந்தவர்தாம். ஆனால் எளியோரின் வழக்கில் நீதி வழங்கினார். ஆண்டவரை அறிவது அதுவே என்று இறைவாக்கினர் விளக்குகிறார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வீட்டைப் புதுப்பித்தபின் “நல்ல குடும்பமாக” வேண்டும் என்று தேடத் தொடங்குகிறோம். அச்சொல்லுக்குப் பின்னே சாதி, சமயம், உணவு, சில வேளைகளில் கணவன் இல்லாத நிலை ஆகியவை பற்றிய விசாரணை ஒளிந்திருக்கிறது. திருமுழுக்குப் பெற்றவர் வீட்டு வாசலிலும் இக்கேள்விகள் கேட்கப்படுகின்றன. திருத்தூதர் பவுல் உரோமையில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் தங்கி, தம்மிடம் வந்த அனைவரையும் வரவேற்றார் என்று திருத்தூதர் பணிகள் நூல் நிறைவுறுகிறது. அவர் காவலில் இருந்த கைதி, அயல்நாட்டிலிருந்து வந்தவர், ஓயாமல் விருந்தினர் வரும் வீடு அவருடையது. இன்று நம்மில் எத்தனை பேர் அவருக்கு வீடு தருவோம்?

குடியிருப்போருக்கும் கடமைகள் உண்டு. வாடகையைக் குறித்த நாளில் கொடுப்பதும், பிறர் வீட்டைத் தம் வீடுபோல் பேணுவதும், உரிமையாளருக்கு உண்மையான தேவை எழும்போது காலத்தோடு விட்டுக்கொடுப்பதும் நீதியின் பகுதிகளே. ஒற்றை வாடகையை நம்பி வாழும் கைம்பெண்ணின் வீட்டை ஆண்டுக்கணக்கில் வழக்காடி அடைத்து வைத்திருப்பவர், ஏழை என்ற பெயரால் அநீதி செய்கிறார். அதுபோன்றே, வாடகை வீடுகளும் கடைகளும் வைத்துள்ள பங்குகளும் நிறுவனங்களும் இவ்வளவுகோலுக்கு விலக்கல்ல. வருமானம் நற்பணிக்குச் செல்கிறது என்பதால் கூரை ஒழுகாமல் நின்றுவிடாது.

புதுப்பித்த வீட்டை மந்திரிக்க நம்மை அழைக்கிறார்கள். உரிமையாளரின் குடும்பம் மெழுகுதிரியுடன் முன்னே நிற்க, நாம் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செல்கிறோம். அன்று இரவு அவ்வறைகளில் படுத்துறங்கப் போகிறவர்களும் அந்தச் செபத்தில் நின்றிருக்க வேண்டும். அடுத்த முறை அழைக்க வரும் அன்பர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: குடியிருக்க வருவோரையும், முன்பு அங்கே குடியிருந்தோரையும் அந்நாளில் அழையுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, வாடகை இவ்வளவு, அதற்குக் காரணம் இன்னது என்று சொல்ல முடிந்தால், அவ்வாடகையை அமைதியான நெஞ்சோடு பெற்றுக்கொள்ளலாம்.