பதினோராம் மணி வேலைக்காரர்



அர்ச். மத்தேயு சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் சேசுநாதர் சுவாமி சொன்ன திராட்சைத் தோட்ட உவமையை அறிவீர்கள். பதினோராம் மணி என்பது யூதர் கணக்கில் மாலை ஐந்து மணி. பொழுது சாய ஒரு மணி நேரமே மீதி. அப்போதும் சந்தையில் சிலர் நிற்கிறார்கள். சோம்பலினால் அல்ல, கூலிக்கு அழைப்பார் இல்லாமையால். எஜமான் அவர்களையும் அழைக்கிறார்.

அப்படி நிற்பவர்கள் நம்மிடையிலும் உண்டு. குற்றாலத்து வியாபாரம் அருவியை நம்பியது. ஆனி ஆடியில் சாரல் பொய்க்கலாம், வட்டி பொய்க்காது. 2020-இல் கொரோனா நோயினால் அருவியில் குளிக்கத் தடை வந்தபோது, சீசனை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐம்பத்தைந்து வயதில் தன் கடையை மூடிவிட்டு, தென்காசியில் பிறர் கடைக்குக் கணக்கெழுதப் போகிறவனுக்கு வேலையைவிட வெட்கமே பாரமாயிருக்கிறது. நேற்று வரை முதலாளி. இன்று தன் மகன் வயதுள்ளவன் ஏவ, இவன் செய்யவேண்டும்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையை நினையுங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 1908-இல் சிறைப்பட்டார், கம்பெனியும் நொடித்தது. 1912-இல் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு கடை வைத்தார். கோயமுத்தூரில் வங்கியில் வேலை பார்த்தார். சன்னது திரும்பக் கிடைத்தபின், ஐம்பது வயதையொட்டி, கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழிலில் இறங்கினார். அதனால் அவர் பெயர் குறைந்ததா?

அர்ச். சின்னப்பரும் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார். 12-ஆம் பத்திநாதர் பாப்பானவர் 1955-இல் மே முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பருக்குத் திருநாளாக ஏற்படுத்தினார். உழைப்பில் இழிவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகையால், குடும்பத் தலைவரே, நொடித்த கடையைத் தூக்கி நிறுத்தக் கந்துவட்டிக்குப் போகாதீர். உள்ள கடன் முழுவதையும் மனைவியிடம் மறைக்காமல் சொல்லும். மாதச் சம்பளம் சிறிதானாலும், கடனைத் தவணையாய் அடைப்பது நீதியின் கடமை. முன்பு வேலை பார்த்த காலத்தில் வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியப் பங்கைக் கட்டி, அதை எடுத்துவிடாமல் இருந்தால், அந்தக் கணக்கைப் புது வேலையோடு சேர்த்துக்கொள்ளும். பத்து வருஷச் சேவை நிறைந்தால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு.

தாய்மாரே, பிள்ளைகளே, "அன்றே சொன்னேனே" என்ற சொல்லை வீட்டில் எடுக்காதீர்கள். மாலையில் வருகிறவருக்கு முகமலர்ச்சியோடு சோறிடுங்கள்.

கடையும் ஆலையும் உடையவர்களே, உலகம் அந்த எஜமானைப் போல் முழுக் கூலி கொடுப்பதில்லை, நீங்களாவது கொடுங்கள். வயதைக் காட்டி விரட்டாதீர்கள். வேறு வழியில்லாதவன் என்று சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வேலைக்காரன் கூலியை வஞ்சிப்பது வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள் நான்கில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள்.

இந்த வாரம் உங்கள் தெருவில் பதினோராம் மணியில் நிற்கிறவர் யாரென்று பாருங்கள். அவரை அழைப்பது உங்கள் கையில் இருக்கலாம்.