ஸ்வீட்டா, அன்ஸ்வீட்டா?

ஐஸ் போட்ட டீயை நான் முதன்முதலில் குடித்தது ஐம்பத்தெட்டாவது வயதில். 2007 மே மாதம், அமெரிக்காவில், வடக்கு கரோலினா மாநிலத்தில். அதுவரை டீ ஆறிப்போனால் வாஷ் பேஸினில் கொட்டுகிற ரகம் நான். ராலேவுக்குப் பக்கத்தில் கேரி என்று ஓர் ஊர். மகள் வீடு அங்கே. வந்து இறங்கிய மூன்றாம் நாள் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பரிமாற வந்த அம்மாள், என்னை விட இருபது வயது சின்னவள், 'ஹனி' என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு, 'ஸ்வீட்டா, அன்ஸ்வீட்டா?' என்று கேட்டாள். மனைவி பக்கத்தில் இருந்ததால் 'ஹனி'க்குப் பதில் சொல்லவில்லை. 'ஸ்வீட்' என்று மட்டும் சொன்னேன்.

முக்கால் அடி உயர கிளாஸில், நிறைய ஐஸோடு, செம்மண் நிறத்தில் வந்தது. ஒரு வாய் குடித்தேன். கோயில் பானகத்துக்கும் டீத்தூளுக்கும் கல்யாணம் ஆன மாதிரி ஒரு ருசி. பாதி குடிப்பதற்குள் ஒரு ஜக்கோடு வந்து, கேட்காமலே மறுபடி நிரப்பிவிட்டுப் போனாள். காசு கிடையாது. அன்றிலிருந்து ஆறு வாரம், வெளியே சாப்பிடப் போன இடமெல்லாம் எனக்கு அதுதான். சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும்.

அந்த ஊரில் இதைத் தயாரிக்கிற முறை ரொம்ப எளிது. டீ கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கரைத்துவிடுவார்கள். ஒரு காலன், அதாவது மூணே முக்கால் லிட்டர் டீக்கு, ஒரு கப்போ ரெண்டு கப்போ. கசப்புத் தெரியாமல் இருக்க சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடுவதுண்டு. அப்புறம் ஆற வைத்து, ஐஸ். அவ்வளவுதான். ஆனால் அதைத் தெற்கத்தி மாநிலங்கள் எடுத்துக்கொள்கிற சீரியஸ்னெஸ் இருக்கிறதே! தெற்கு கரோலினா 1995ல், தன் மண்ணில் விளைந்த டீயை மாநிலத்தின் அதிகாரபூர்வ உபசாரப் பானம் என்று சட்டம் போட்டு அறிவித்தது. ஜார்ஜியா சட்டசபையில் 2003ல், ஐஸ் டீ விற்கிற ஓட்டல்கள் ஸ்வீட் டீ வைக்காவிட்டால் குற்றம் என்று ஒரு மசோதாவே கொண்டுவந்தார்கள். ஏப்ரல் முட்டாள்கள் தின வேடிக்கைதான். ஆனால் எதை வைத்து ஓர் ஊர் வேடிக்கை செய்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த ஊர் புரிந்துவிடும்.

'அன்ஸ்வீட்' என்ற வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. சர்க்கரையே போடாத ஒன்றை, போட்டு எடுத்துவிட்ட மாதிரி சொல்கிறார்களே! பிறகு நம்ம ஊர் டீக்கடை ஞாபகம் வந்தது. 'மாஸ்டர், ஒரு வித்தவுட்!' என்று குரல் கொடுக்கிறோமே, அதே கதைதான். நம் ஊரில் டீ என்றால் சர்க்கரை போட்ட டீ. வேண்டாதவன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடைகளில் எலுமிச்சை பிழிந்த ஐஸ் டீ இனிப்பாகத்தான் வரும். வேண்டாமென்றால் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுமை என்று அர்த்தம். ஜப்பானில் பாட்டிலில் விற்கிற பச்சை டீயில் சர்க்கரை இருக்காது. அமெரிக்காவின் வட எல்லையைத் தாண்டி கனடாவுக்குள் போனால், ஐஸ் டீ என்று சொன்னாலே மறுபடி இனிப்பு. ஒவ்வோர் ஊரிலும் சொல்லாமல் வருவது ஒன்று, சொல்லிக் கேட்க வேண்டியது ஒன்று. சொந்த ஊரில் இருக்கிறவன் பாதி நாள் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்த சுகம் ஊரை விட்டு வெளியே வரும்வரை தெரிவதுமில்லை.

ஜூலையில் எல்லோருமாகக் காரில் வடக்கே கிளம்பினோம். வாஷிங்டன், நியூயார்க், பாஸ்டன் என்று பத்து நாள் டூர். வர்ஜீனியா மாநிலத்துக்குள் எங்கேயோ ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் ஸ்வீட் டீ கிடைக்காது என்று மாப்பிள்ளை சொன்னபோது நான் நம்பவில்லை. மதியம் பீட்டர்ஸ்பர்க்கில் கிடைத்தது. சாயங்காலம் வாஷிங்டனைத் தாண்டி மேரிலாந்தில் ஒரு கடையில் கேட்டேன். 'ஐஸ் டீ இருக்கு. சர்க்கரை மேஜை மேலே இருக்கு' என்றான் பையன்.

இருந்தது. வெள்ளை, பிங்க், நீலம், மஞ்சள் என்று நாலு நிறப் பொட்டலம். முதலாவது மட்டும் சர்க்கரை, மற்றதெல்லாம் சர்க்கரை வேஷம். நாலு வெள்ளைப் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுக் கலக்கினேன், கலக்கினேன், கலக்கிக்கொண்டே இருந்தேன். மேலே கசப்பு, அடியில் மணல். பேரன், வயது எட்டு, 'தாத்தா, கோல்ட் வாட்டர்ல சுகர் டிசால்வ் ஆகாது' என்றான். அது சரியில்லை. ஐஸ் குளிர்ச்சியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீர்கூட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். மெதுவாக வாங்கும், அவ்வளவுதான். சூட்டில் அரை நிமிஷத்தில் நடப்பது குளிரில் சாப்பாடு முடிகிறவரை நடக்காது. எட்டு வயசுப் பையனிடம் இதை விளக்கி முடிப்பதற்குள் டீயில் ஐஸ் கரைந்துவிட்டது.

'சர்க்கரை மேஜை மேலே இருக்கு' என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. உனக்கு வேண்டிய அளவு நீயே போட்டுக்கொள், நான் யார் தீர்மானிக்க? தெற்கில் இந்த சுதந்திரம் இல்லை. சமையல்கட்டில் யாரோ முடிவு செய்த இனிப்புதான் உனக்கு. ஆனால் கரைகிற நேரம் தாண்டியபிறகு கையில் கொடுக்கிற சர்க்கரையை சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படித்து, வேலைக்குப் போய், முப்பது வயதில் நிற்கிற பையனிடம், 'உனக்குப் பிடிச்சதைப் படிச்சிருக்கலாமே, நாங்க தடுக்கலையே' என்று சொல்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வகையில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

டெலவேர், நியூஜெர்சி, நியூயார்க், எங்கும் இதே கதை. நான் விடாமல் கேட்டேன். மகள் முகம் ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை.

பாஸ்டனிலிருந்து அரை மணி தூரத்தில் கன்கார்ட். அங்கே வால்டன் குளம். தோரோ 1845லிருந்து இரண்டு வருஷம் குடிசை போட்டு வாழ்ந்த இடம். அந்தக் குளத்தில் குளிர்காலத்தில் ஐஸ் வெட்டி எடுக்க ஆட்கள் வந்ததைப் பற்றி அவர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இந்தத் தண்ணீரை சார்ல்ஸ்டனிலும் நியூ ஆர்லியன்ஸிலும் இருப்பவர்கள் குடிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் மதராஸையும் சேர்த்திருக்கிறார். அங்கே அடுக்கி வைத்த ஐஸில் பெரும்பகுதி விற்பனைக்கே போகாமல் உருகிக் குளத்துக்கே திரும்பிவிட்டதாகவும் அவரே சொல்கிறார். ஆனால் மதராஸுக்கு ஐஸ் போனது கற்பனையில்லை. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1833ல் 180 டன் ஐஸை மரத்தூள், வைக்கோல் போர்த்திக் கப்பலேற்றி, நாலு மாசம் கழித்துக் கல்கத்தாவில் 100 டன்னை இறக்கினார். மதராஸில் 1842ல் கடற்கரையோரம் கிடங்கே கட்டிவிட்டார். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். நாங்கள் திருவல்லிக்கேணிக்காரர்கள். 'ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பிங் ரெண்டு' என்று டிக்கெட் வாங்கியே வளர்ந்தவன் நான். அந்த ஐஸ் பிறந்த ஊரில் நிற்கிறேன் என்றதும் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

அந்த வேகத்தில்தான் மத்தியானம் கன்கார்டில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் மறுபடி கேட்டேன். பரிமாறியவளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இல்லை என்றாள். 'சூடா ஒரு டீ போட்டு, அதில் சர்க்கரையைக் கரைச்சு, அப்புறம் ஐஸ் போட்டுத் தர முடியுமா?' என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். 'முயற்சி பண்றேன்' என்று உள்ளே போனாள்.

"அப்பா, எதுக்குப்பா இப்படிப் பண்றே?" என்றாள் மகள். "அந்தம்மா கால் வலியோட நடக்கறாங்க. பாக்கலையா?"

பார்க்கவில்லைதான். ஆனால் ஒத்துக்கொள்வேனா? ஐஸ் ஹவுஸை எடுத்துவிட்டேன். "வெள்ளைக்காரனுக்கு மதராஸ்ல ஐஸ் வேணும்னு தோணிச்சு. பூமியைச் சுத்திக் கப்பல்ல வந்து எறங்கிச்சு. நான் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கேட்டா தப்பா?"

"அவன் நம்ம ஊர ஆண்டுட்டு இருந்தான்பா. அதனால கேட்டான். நீ டூரிஸ்ட், காசு குடுக்கறே, கேக்கறே. நான் இங்க வந்து பன்னெண்டு வருஷமாச்சு. எது வந்துச்சோ அதக் குடிச்சேன். ஆபீஸ்ல, கடையில, பக்கத்து வீட்டுல, எங்கயும் எனக்கு இது வேணும்னு கேட்டதே இல்ல. கேட்டா இவ இந்த ஊர்க்காரி இல்லன்னு தெரிஞ்சுடும்."

மாப்பிள்ளை மெனு கார்டைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

நான் சமாளித்தேன். "நம்ம ஊர்ல இந்தக் கஷ்டமே இல்லம்மா. கேக்கவே வேண்டியதில்ல, தானா வரும்."

அதுவரை பேசாமல் இருந்த என் மனைவி, "தானா வருமா?" என்றாள். "முப்பத்திமூணு வருஷமா யாரு சர்க்கரையைக் கரைச்சாங்கன்னு கேளு உங்கப்பாவ."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சொல்லாமலே வருகிற ஒவ்வொன்றுக்குப் பின்னாலும், சொல்லாமலே செய்கிற ஓர் ஆள் நிற்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் திரும்பியபிறகு இந்தத் தெற்கத்தி டீயின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில், இந்திய, இலங்கைத் தேயிலையை விளம்பரம் செய்ய வந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர், வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டாததால் ஐஸைப் போட்டு விற்றார், அப்படிப் பிறந்ததே ஐஸ் டீ என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, ஆனால் சரியான கதை இல்லை. 1879லேயே வர்ஜீனியாவில் மரியன் கேபெல் டைரி தொகுத்த சமையல் புத்தகத்தில் செய்முறை வந்துவிட்டது. அதுவும் பச்சைத் தேயிலையில். காலையில் போட்டு வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குடிப்பது. கவனியுங்கள், அதில் சர்க்கரை சூட்டில் கரைக்கப்படவில்லை. கிளாஸில் ஐஸோடு போட்டு, ஆறிய டீயை மேலே ஊற்றச் சொல்கிறது. நான் மேரிலாந்தில் திட்டிக்கொண்டே செய்ததைத்தான் அந்தக் காலத்துத் தெற்கத்தி அம்மாள் செய்திருக்கிறாள்! நாலு மாநிலத்தில் நான் 'ஒரிஜினல்' என்று நினைத்துத் தேடியது அப்புறம் வந்த வழக்கம். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 14 வருஷம் ஆகியிருந்த அந்த நாட்களில், வசதியான வீடுகளின் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். காலையிலேயே டீ போட்டு வைக்க ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

கன்கார்டுக்கு வருகிறேன். அந்த அம்மாள் டீயோடு வந்தாள். சூட்டில் ஐஸ் பாதி கரைந்து வெதுவெதுப்பாக இருந்தது. சர்க்கரை வேறு அதிகம். சிரித்துக்கொண்டே நின்றாள். 'பிரமாதம்' என்றேன். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி கொடுத்தே ஆக வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அதே தொகை. பல மாநிலங்களில் இதைவிடக் கூட உண்டு. மீதி பெரும்பாலும் வாடிக்கையாளன் மனசு வைத்தால்தான். அப்படியானால் அவள் எனக்கு அன்றைக்குச் செய்தது அன்பா, வேலையா? முடியாது என்று சொல்ல வழி இல்லாத ஒருவரிடம் கேட்டுப் பெற்றதை உபகாரம் என்று சொல்லலாமா? கேட்காமலே இருப்பது மரியாதை என்றால், என் மகள் பன்னிரண்டு வருஷம் வாய் மூடியிருந்தது எந்தக் கணக்கு? அதை என்னால் மரியாதை என்று எழுத முடியவில்லை. பயம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். கேட்பதற்கு முன் எதிரே நிற்பவரின் காலையாவது பார்த்திருக்கலாம் என்பதுவரைதான் எனக்குப் புரிகிறது.

அடுத்த வருஷமே, 2008ல், மெக்டொனால்ட்ஸ்காரர்கள் ஸ்வீட் டீயை நாடு பூராவும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். வர்ஜீனியாவின் கோடு அதோடு கொஞ்சம் அழிந்திருக்கும். இப்போது போகிறவர்கள் என் மாதிரி அலைய வேண்டாம், யாரையும் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

அன்றைக்கு பில் வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மகள் தன் எதிரே இருந்த தண்ணீர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி ஐஸ். அந்த ஊரில் பச்சைத் தண்ணீரே அப்படித்தான் வரும், சொல்லாமலே. சின்ன வயதிலிருந்து டான்சில்ஸ் தொந்தரவு அவளுக்கு. சென்னை வீட்டில் ஃபிரிட்ஜ் தண்ணீரையே தொடமாட்டாள். அந்த அம்மாள் எங்கள் மேஜையைக் கடக்கும்போது, "எக்ஸ்க்யூஸ் மீ" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஐஸ் இல்லாம கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"ஷ்யூர், டியர்" என்று உடனே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள் அவள்.

மகள் ரெண்டு வாய் குடித்தாள். மீதியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, பழைய கிளாஸை எடுத்து ஐஸோடு குடிக்க ஆரம்பித்தாள்.