கடற்பாசியும் சராசரி மனிதனும்

முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியை மிதித்து நடந்து பழகியவர்கள் நாம். அந்த எளிய பூண்டு கடலின் கணக்கப்பிள்ளை என்கிறது விஞ்ஞானம். நீரில் மிக நுண்ணிய அளவிற் கரைந்திருக்கும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களை அது உறிஞ்சித் தன் உடலிலே சேர்த்து வைக்கின்றது. பாசியைப் பறித்து, உலர்த்தி, தூளாக்கி, அது வெளிவிடும் கதிர்களை எண்ணினால், மனிதன் கடலிற் கொட்டியது வெளிப்பட்டுவிடும்.

இங்கிலாந்தின் வின்ஸ்கேல் நிலையம் அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தை ஆக்கியது; 1950களிலிருந்து தன் கழிவுநீரைக் குழாய்வழியே ஐரிஷ் கடலுள் விட்டது. அக்கரையில் பறித்த போர்பைரா என்னும் பாசி தெற்கு வேல்சுக்குச் சென்று 'லேவர் பிரெட்' என்னும் உணவாயிற்று. அதிலே ருதேனியம்-106 சேர்ந்திருந்தது. எவ்வளவு கழிவை விடலாம் என்று கணக்கிட்டோர் நாட்டின் சராசரி மனிதனைத் தேடவில்லை. அப்பாசியை மிக அதிகமாக உண்ணும் சிறு கூட்டத்தையே தேடினர். அவர்கள் தாங்கக்கூடிய அளவே எல்லையாயிற்று.

இம்முறையில் ஓர் அறம் உண்டு. பத்துப் பேரில் ஒருவன் பத்துப் பிடி உண்கிறான், ஒன்பது பேர் உண்பதேயில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒரு பிடி. ஆனால் ஒரு பிடி உண்டவன் அங்கே எவனுமில்லை! இல்லாத மனிதனைக் காக்கும் சட்டம் இருக்கும் மனிதனைக் கைவிடுகின்றது. நாட்டின் சராசரி வருமானத்தைச் சொல்லி வன்னியின் வறுமையை மறைப்போருக்கும் இது பொருந்தும்.

எனினும் இந்த அறம் பாதி வழியில் நின்றுவிடுகின்றது. குண்டினால் வரும் வல்லமை ஒருவருக்கு. அபாயம் பாசி உண்பவனுக்கு. அளவு எல்லைக்குள் உள்ளது என்றால், அபாயம் சிறிது என்றே பொருள். அதை அவன்மீது சுமத்தும் உரிமை எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்குக் கருவி விடை தராது.

கடலுக்கு எல்லைக்கல் இல்லை. அதே நிலையத்தின் டெக்னீசியம்-99, 1990களில் நோர்வேக் கரைப் பாசியிலும் காணப்பட்டது. நமது வலைப்பாட்டுக் கரையிலும் பாசி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளம் 2013 முதல் மின்சாரம் தருகின்றது. அங்கிருந்து தீங்கு வந்ததென்று நாம் கூறவில்லை. நாம் கேட்பது இதுவே: அளப்பவர் அளந்ததை இக்குடும்பங்களுக்கு அவர்களுடைய மொழியிற் சொல்லவேண்டும், முடிவெடுக்கும் சபையில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

மாணவர்களே, எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும் முதலிற் கேளுங்கள்: இதிலே பத்துப் பிடி உண்டவன் யார்? அவனிடம் கேட்டார்களா?