பிறிதோர் உயிர் நம் பிழைக்கு ஈடாகுமா?



"மாவினாற் செய்த கோழியை வெட்டியதற்கே உங்கள் யசோதரன் பல விலங்குப் பிறவிகள் எடுத்தான் என்கிறாய். எங்கள் வேதத்தில் வரும் இஸ்ரவேலன் உயிருள்ள ஆட்டை வெட்டினான். ஆனால் தன் பிழையை அறிக்கையிட்டு, மனம் நொந்து வெட்டினான். அவனுக்கு உங்கள் அறநூல் என்ன பிறவி வைத்திருக்கிறது?"

ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் நம்முடன் தங்கிப் பயின்ற கிறித்தவத் தோழி ஒருவர், ஓர் இரவு இவ்வாறு வினவினார். "கொலை எப்படியும் கொலைதான்" என்று விரைந்து விடை கூறிவிட்டு நாம் விளக்கை அணைத்தோம். கூறிய விடை தவறன்று. ஆயினும் வினாவைச் செவிமடுக்காமலே கூறிய விடை அது. மாணாக்கர் வினாவை முழுதும் கேட்டபின் விடை பகர வேண்டும் என்று பின்னாளில் வகுப்பறையில் பன்முறை வலியுறுத்திய நாம், அவ்வொரு வினாவுக்கு மட்டும் கடன்பட்டவராகவே இருந்தோம். அக்கடனை இக்கட்டுரையில் தீர்க்க முயல்வோம்.

முதற்கண் அப்பலியின் இயல்பினை அறிதல் வேண்டும். எருசலேமில் சாலொமோன் எழுப்பியதாகக் கூறப்படும் ஆலயம் கி.மு. 586-இல் பாபிலோனியரால் அழிக்கப்பெற்றது. மீண்டும் கட்டப்பெற்ற ஆலயம் கி.மு. 515 அளவில் நிறைவுற்று, கி.பி. 70-இல் உரோமானியரால் எரியுண்டது. அங்கு நிகழ்ந்த வழிபாட்டின் விதிகளை விவிலியத்தின் லேவியராகமம் என்னும் நூல் விரித்துரைக்கின்றது. முழுதும் எரிக்கப்படும் தகனபலி, மாவும் எண்ணெயும் கொண்டு செய்யும் போஜனபலி, ஒரு பகுதியை எரித்து எஞ்சியதைப் பகிர்ந்துண்ணும் சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என அவை ஐவகைப்படும்.

நாள்தோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் மாலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் எரிக்கப்பட வேண்டும் என்பது விதி. கூடாரப் பண்டிகையின் 7 நாள்களில் மட்டும் 70 காளைகள், 14 ஆட்டுக்கடாக்கள், 98 ஆட்டுக்குட்டிகள் எண்ணாகமத்தில் விதிக்கப்பட்டுள்ளன. இவ்வெண்களை வாசிக்கும்போது உயிரிரக்கம் உடைய எவருக்கும் நெஞ்சு நடுங்கும். நமக்கும் நடுங்கியது. ஆயினும் நடுக்கத்தோடு நூலை மூடிவிடுவது அநேகாந்தம் பயின்றவர்க்கு அழகன்று. அவ்விதிகளின் உள்ளே சென்று நோக்குவோம்.

பலியைக் குறிக்கும் எபிரேயச் சொல் கொர்பான் என்பது. நெருங்கி வருதல் என்னும் பொருள் தரும் வேரினின்று பிறந்தது அச்சொல். இறைவனை நெருங்க விரும்புவோன் தன் மந்தையினின்று பழுதற்ற விலங்கொன்றைக் கொணர வேண்டும். காட்டில் வேட்டையாடிய விலங்கு ஏலாது. தான் வளர்த்த, தனக்கு இழப்பாகும் உயிரே வேண்டும். தகனபலி இடுவோன் அதன் தலைமேல் தன் கையை வைப்பான். பின்னர்த் தானே அதனை அறுப்பான். குருதியைப் பீடத்தில் தெளிப்பதே ஆசாரியனின் பணி. கத்தி ஆசாரியன் கையில் அன்று, பலி கொணர்ந்தவன் கையிலேயே இருந்தது என்பதனை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தன் பொருட்டு இறக்கும் உயிரின் முகத்தை அவன் காணாதிருக்க இயலாது.

குருதியை உண்ணலாகாது என்னும் விதி அந்நூலில் மீண்டும் மீண்டும் வருகின்றது. உயிர் குருதியில் உள்ளது. உயிரோ மனிதனுக்கு உரியதன்று என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மாட்டையோ ஆட்டையோ பலிபீடத்துக்குக் கொண்டுவராமல் வேறிடத்தில் அறுப்பவன்மேல் குருதிப்பழி சாரும் என்று லேவியராகமத்தின் 17-ஆம் அதிகாரம் கூறுகின்றது. உணவின் பொருட்டாயினும் கேட்பாரின்றி ஓர் உயிரைக் கொல்லும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பதன்றோ இதன் கருத்து? தொலைவில் வாழ்வோர் தம் ஊரிலேயே அறுத்துண்ணலாம் என்று உபாகமம் இவ்விதியைத் தளர்த்தியது. அப்போதும் குருதியைத் தரையில் ஊற்றிவிட வேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கலாகாது என்றும் ஒரு விதி உண்டு. விவிலியத்தின் தொடக்கத்தில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட உணவு தானியமும் கனியுமே. பெருவெள்ளத்துக்குப் பின்னரே ஊன் அனுமதிக்கப்படுகின்றது. அஃது ஓர் இறக்கம் என்பதனை அந்நூலே உணர்ந்திருக்கின்றது.

பலியால் எப்பிழையும் நீங்கிவிடும் என்றும் அந்நூல் கூறவில்லை. பாவநிவாரணபலி பெரும்பாலும் அறியாது செய்த பிழைகளுக்கே உரியது. துணிந்து, கையோங்கிச் செய்த பாவத்துக்குப் பலியே இல்லை என்கின்றது எண்ணாகமம். பிறர் பொருளை வஞ்சித்துக் கொண்டவன் அப்பொருளை முழுதும் திருப்பித் தந்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து அளித்த பின்னரே குற்றநிவாரணபலிக்கு உரியவன் ஆகின்றான். ஆடு வாங்க இயலாத ஏழை இரண்டு புறாக்களைக் கொணரலாம். அதற்கும் இயலாதவன் எண்ணெயும் தூபவர்க்கமும் சேராத சிறிதளவு மாவினைக் கொணரலாம். அவனுடைய பிழையும் மன்னிக்கப்படும். இவ்விடத்தில் நாம் சற்று நின்றோம். ஏழையின் கைப்பிடி மாவு போதுமாயின், செல்வனின் ஆட்டுக்குட்டி ஏன் இறக்க வேண்டும்? குருதியின்றியும் மன்னிப்பு உண்டு என்பதற்கு அப்பலி விதியே சான்றாகிவிடுகின்றதன்றோ?

இவ்வினாவை இஸ்ரவேலருள் தோன்றிய தீர்க்கதரிசிகளும் வேறு வகையில் எழுப்பினர். கி.மு. 8-ஆம் நூற்றாண்டினரான ஆமோசும் ஓசியாவும் ஏசாயாவும், ஏழையை ஒடுக்குவோரின் பலிகளை இறைவன் வெறுக்கின்றார் என்று முழங்கினர். நீதியும் இரக்கமும் தாழ்மையுமே இறைவன் கேட்பன என்பது மீகாவின் நூல் உணர்த்தும் கருத்து. பாபிலோனியச் சிறையிருப்பில் வாழ்ந்த எசேக்கியேல், தந்தையின் பாவம் மகனைச் சாராது, அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்று அறிவுறுத்தினார். மரபுவழிக் கணக்கின்படி நம் வர்த்தமான மகாவீரர் பிறந்த கி.மு. 599-க்கு அணித்தான காலம் அது. இருவர் நெறிகளும் வெவ்வேறு. எசேக்கியேல் குருமரபினர், பலியை ஒழிக்கக் கூறினாரல்லர். ஆயினும் ஒருவன் வினையை மற்றொருவன் சுமத்தல் கூடாது என்னும் உண்மை இரு நிலங்களிலும் ஒலித்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

பலியின் பொருள் குறித்துப் பிற்கால யூத அறிஞரிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. 12-ஆம் நூற்றாண்டினரான மைமோனிடீஸ், குழம்பியோர்க்கு வழிகாட்டி எனப் பொருள்படும் பெயருடைய தம் நூலில் ஒரு விளக்கம் தந்தார். சுற்றிலும் எல்லாச் சமயத்தாரும் பலியிட்டே வழிபட்ட காலத்தில், பலியை முற்றும் விடுக என்றால் மக்கள் ஏற்றிருக்க மாட்டார்கள். மனித இயல்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே தாவலில் செல்லாது. ஆதலின் பலியை ஓரிடத்துக்கும் ஒரு குலத்தாரின் பணிக்கும் அடக்கி, படிப்படியாக அவர்களை மேலேற்றினார் இறைவன் என்பது அவர் கருத்து. தாய் விலங்கு தன் குட்டியின்பால் கொள்ளும் துயரம் மனிதத் தாயின் துயரத்தின் வேறன்று என்றும் அவர் எழுதியுள்ளார்.

13-ஆம் நூற்றாண்டினரான நாக்மனிடீஸ் இதனை மறுத்தார். பிற சமயத்தார் எவரும் இல்லாத காலத்திலேயே ஆபேலும் நோவாவும் பலியிட்டனரே என்று அவர் வினவினார். எரியும் விலங்கைக் காண்பவன், 'எனக்கு நேர வேண்டியது இதற்கு நேர்கின்றது' என்று உணர்ந்து திருந்தவே பலி ஏற்பட்டது என்பது அவர் துணிபு.

இவ்விரு கருத்துகளையும் நம் அறநெறியில் வைத்து நோக்குவோம். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், உயிரைப் பிரித்தலை மட்டும் கூறாது, அதற்குக் காரணமான மனச்சோர்வையும் சேர்த்தே கூறினார். உள்ளத்தே நிகழ்வது பாவ ஹிம்சை. புறத்தே நிகழ்வது திரவிய ஹிம்சை. நம் தமிழ்க் காப்பியங்களுள் இரண்டு இதனைத் தெளிவாக்கும். யசோதர காவியத்தில் மன்னன் மாவுக்கோழியை வெட்டுகின்றான். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வாள் ஓங்கினான். ஆதலின் வினை பற்றியது. நீலகேசியிலோ, காளி கோயிலுக்குப் பலியிட வந்தோரிடம், உயிருக்கு மாற்றாக மண்ணாற் செய்த உருவங்களை வைக்குமாறு முனிச்சந்திர முனிவர் அறிவுறுத்துகின்றார். அஃது அறமாயிற்று. இரண்டும் உயிரற்ற உருவங்களே. முன்னது கொலையை நோக்கி வைத்த அடி. பின்னது கொலையினின்று விலகி வைத்த அடி. மனப்பரிணாமம் எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதே வேறுபாடு.

இந்த அளவுகோலால் எருசலேமின் பலிபீடத்தை அளந்தால், அதன் விதிகள் பல கொலையினின்று விலகும் திசையிலேயே அடி வைத்தன என்று கூற வேண்டும். மகனுக்கு மாற்றாக ஆட்டுக்கடாவை ஆபிரகாம் பலியிட்டமை ஒரு படி. கண்டவிடத்துக் கொல்லாமை ஒரு படி. ஏழையின் மாவு ஒரு படி. கி.பி. 70-இல் ஆலயம் எரிந்தபின், இனிப் பாவம் நீங்க வழியில்லையே என்று வருந்திய சீடரிடம், அன்புச் செயல்களே பலிக்கு நிகரான வழி என்று யோகனான் பென் சக்காய் என்னும் ஆசான் தேற்றியதாக யூத மரபு கூறும். அது மற்றொரு படி. அதுமுதல் யூதர்களின் தொழுகைக்கூடங்களில் பலியின் இடத்தைச் செபம் பெற்றது. நாபுலுசு நகரை அடுத்த கெரிசீம் மலையில் சமாரியர் என்னும் சிறு சமூகத்தார் மட்டும் இன்றும் ஆண்டுதோறும் பஸ்கா ஆட்டுக்குட்டிகளை அறுக்கின்றனர்.

படிப்படியாக ஏறுதல் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. இல்லறத்தார்க்கு அணுவிரதமும் துறவியர்க்கு மகாவிரதமும் வகுத்த நெறி நம்முடையது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். படிகள் ஏறுகின்ற மனிதனுக்கே ஆறுதல் தரும். அன்று காலை அறுபட்ட ஆட்டுக்குட்டிக்கு அவற்றால் யாதொரு பயனும் இல்லை. அதற்கு ஒரே ஓர் உயிர்தான் இருந்தது. நாக்மனிடீஸ் கூறியவாறு பலியிடுவோன் உள்ளம் கரைந்திருக்கலாம். கரைந்தது அவனுடைய உள்ளம். போனது மற்றொன்றின் உயிர். அவன் வினையில் அவ்வுயிருக்குப் பங்கில்லை. அவன் வினையைச் சுமக்க அதனால் இயலவும் இயலாது.

ஆதலின் தோழிக்கு நாம் தர வேண்டிய விடை இது: மனம் நொந்தவனின் நோவு அவன் வினையைத் தேய்க்கும், அவன் அறுத்த கழுத்து அவனுக்குப் புதுவினையைச் சேர்க்கும். இரண்டையும் ஒன்றால் மற்றொன்றைக் கழித்துவிட இயலாது. கேட்பாரின்றிக் கொன்று சிந்தனையின்றி உண்பவனினும் அவன் சோர்வு குறைந்தவன் என்பதில் ஐயமில்லை.

இவ்வளவோடு முடித்தால், நாம் ஆட்டை அறுக்காதவர் என்னும் பெருமிதமே எஞ்சும். அதற்கு நமக்கு உரிமையில்லை. ஆசிரியப் பணியின் இளமைக் காலத்தில், திருட்டுப் பழி சுமத்தி ஒரு மாணவியை வகுப்பின் நடுவே நிறுத்தித் தண்டித்தோம். அவள் குற்றமற்றவள் என்பது சில நாள்களில் தெரிந்தது. அவளிடம் அதனைக் கூற நம் நாணம் இடந்தரவில்லை. அதற்கு மாறாக, அவ்வாண்டு தச தர்ம பர்வத்தில் உபவாசம் இருந்தோம். ஜினாலய அபிஷேகத்துக்குப் பொருள் அளித்தோம். க்ஷமாவணி நாளில் உற்றார் அனைவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டோம். அச்சிறுமியிடம் மட்டும் கேட்கவில்லை. ஆண்டிறுதியில் அவள் குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று.

யூதரின் பாவநிவாரண நாளைப் பற்றி மிஷ்னா என்னும் அவர்தம் பழைய சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு. இறைவனுக்கு எதிரான பிழைகளை அந்நாள் நீக்கும். மனிதருக்கு எதிரான பிழையையோ, அம்மனிதரைச் சென்று அமைதிப்படுத்தும் வரை அந்நாளும் நீக்காது என்பது அதன் கருத்து. பொருளை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பித் தராதவனுக்குப் பலிபீடம் உதவாது என்ற பழைய விதியின் தொடர்ச்சியே அது. அவ்விதியின்படி நாமும் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட வேண்டியவரே. நாம் எவ்வுயிரையும் கொல்லவில்லை. ஆனால் நம் கடனுக்கு மற்றொன்றை ஈடாக வைத்தோம். பாலும் பொருளும் உபவாசமும் நமக்கு ஆட்டுக்குட்டிகள் ஆயின.

அன்பர்களே! அடுத்த க்ஷமாவணி நாளில் நம்மை மன்னிக்க எளிதில் இசைபவரிடம் செல்லும் முன்னர், நாம் எவரிடம் செல்ல அஞ்சுகின்றோமோ அவரை நினைவோம். அவர் உயிரோடும் அணுகும் தொலைவிலும் இருப்பின் அதனையே நம் பேறாகக் கொண்டு, அவர் வாயிலுக்கு முதலில் செல்வோம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!