சிப்பியில் வெள்ளி

பித்தப்பைச் சுவரின் தசைக்குள் ஒரு சுரப்பிக் குழாய் தெரிந்தால் அது புற்றா இல்லையா என்பது திசு ஆய்வில் பழைய சிக்கல். நாட்பட்ட கல்லாலும் அழற்சியாலும் பையின் உட்படலம் தசைக்குள் பிதுங்கி இறங்குவது உண்டு. ரோக்கிடான்ஸ்கி–அஷாஃப் குழி எனப்படும் இது தீங்கற்றது. பித்தப்பைப் புற்றும் பெரும்பாலும் சுரப்பி வடிவில்தான் அதே தசைக்குள் நுழைகிறது. அப்படியானால், ஒன்றை மற்றொன்றாகக் கொண்ட கண் கண்டது பொய்யா?

சிப்பியில் வெள்ளி தெரிவதை வைத்து வேதாந்திகள் கேட்ட கேள்வியும் இதுவே. அந்த வெள்ளியை உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லது என்றும் சொல்ல முடியாது என்றது அத்வைதம். இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தில் வேறு வழி போனார். பூதங்கள் ஒன்றில் ஒன்று கலந்திருப்பதால் சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிது உண்டு; கண் அதைக் கண்டது, மிகுந்திருந்த சிப்பிக் கூற்றைத் தவறவிட்டது என்றார். பிழை என்பது குறைக்காட்சி. யதார்த்தக்கியாதி என்பது இக்கொள்கையின் பெயர்.

நுண்ணோக்கியின் அடியில் இக்கொள்கை நன்றாகவே பொருந்துகிறது. குழாய் இருப்பது இரண்டிலும் மெய். விடுபட்டதைத் தேடுவதே வேலை: பிதுங்கிய குழி மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறங்கும், உள்ளே பித்தநீர் தங்கியிருக்கும், புற்றுக் குழாய்கள் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும், உட்கரு பெருத்துக் கறுக்கும், சுற்றிலும் நார்த்திசு இறுகும், நரம்பைச் சுற்றியும் படரும். ஐயம் தீராவிட்டால் இன்னும் சில துண்டுகளை வெட்டிப் பார்க்க வேண்டும்.

குறைக்காட்சி ஆய்வகத்துக்கு வெளியிலும் நடக்கும். பித்தப்பையை எடுத்தபின் பேண்டேஜ் துணியில் கல்லை ஏந்தி உறவினருக்குக் காட்டியதும், எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் நிறைவு வந்துவிடுகிறது. கல் மெய்தான்; பை ஆய்வுக்குப் போகாவிட்டால் அதன் சுவர் பார்க்கப்படவே இல்லை. பித்தப்பைப் புற்று கங்கைச் சமவெளியைவிடத் தென்னாட்டில் குறைவு என்பதால் இந்த அசட்டை எளிதாகிறது. ஆயினும் கல்லுக்காக எடுத்த பையில் எதிர்பாராமல் புற்று தென்படுவது எங்கும் உள்ளதே.

உண்டு என்பதோடு வழக்கு முடிவதில்லை. வெள்ளியைவிடச் சிப்பிக் கூறே மிகுதி என்பதால் உலக வழக்கு அதைச் சிப்பி என்றே அழைக்கிறது என்பது இராமாநுசர் தரும் விளக்கம். புற்றிலும் உண்மையின் அளவே செயலைத் தீர்மானிக்கிறது. தசையைத் தொடாமல் உட்படலத்தோடு நின்ற புற்றுக்கு, வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தால், பையை எடுத்ததே போதும். தசைக்குள் இறங்கியிருந்தால் ஈரலின் ஒரு பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் எடுக்க மறு அறுவை தேவைப்படும்.