அச்சம் ஈமானின் குறைவா?

தருமபுரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நம்மிடம், பெற்றோர் சிலர் தாழ்ந்த குரலில் கூறுவதுண்டு: "ஹஜ்ரத், மகனுக்குக் காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது, உறக்கமில்லை. இது ஈமானின் குறைவோ?"

கயிறுகளும் தடிகளும் பாம்புகளாய் நெளிவதுபோல் தோன்றியபோது நபி மூஸா (அலை) அவர்கள் தம் மனத்துள் அச்சமுற்றதைத் திருக்குர்ஆனே அறிவிக்கிறது. அச்சம் ஈமானின் குறைவென்று எங்ஙனம் கூறுவோம்?

கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். கோபம், அச்சம், துக்கம், விடாது சுழலும் வீண் எண்ணம் என உளநோய்களை வகுத்தார். அஞ்சுவதை மீண்டும் மீண்டும் கண்டும் கேட்டும் பழகுதலை அச்சத்திற்கு மருந்தாக்கினார். சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ, அவ்வுளப்பகுதியை 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், 1954-இல் எழுந்த அகில இந்திய மனநல நிறுவனம், மறு ஆண்டே மருத்துவ உளவியல் பயிற்சியைத் தொடங்கியது. 1974 முதல் அது நிம்ஹான்ஸ் என வழங்குகிறது. அங்கே மனப்பதற்றத்தை ஆய்வதும் கற்பிப்பதுமே சிலரின் வாழ்நாட்பணி. அதுவும் இல்முதான்.

பாவத்தை எண்ணி எழும் அச்சம் தவ்பாவின் வாயில். அதற்கு மருத்துவர் வேண்டுவதில்லை. உணவையும் உறக்கத்தையும் பறிக்கும் அச்சமோ பிணி. பிணியாளனைப் பாவியென இகழ்வது அநீதி. துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். தவக்குல் இரண்டையும் தழுவியதே.